கொண்டுவிக்கப் போனவர்களும் பிழைக்கப் போனவர்களும்

சென்ற மாசியில் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆய்வு மாணவி காரைக்குடிக்கு வந்திருந்தார். மானுடவியல் படிப்பவர், கடல் கடந்து போனவர்களைப் பற்றி ஆய்வு. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், நான்கு நாட்கள் உட்கார்ந்தோம். ரங்கூன் கடையின் பேரேடுகள், கடைநிலை வேலையாளான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி அடுத்தாளாகி மேலாளாக உயர்ந்தவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், தேக்கு வந்திறங்கிய கணக்கு என்று எல்லாம் பத்திரமாக இருந்தன. ஐந்தாம் நாள் எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

என் அப்பத்தா சொன்ன கதை மட்டும்தான் இருந்தது. அவளுடைய அப்பா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் அக்கரைக்கு விட்டார்கள். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய தகரச் சீட்டு ஒன்று கையில் இருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் போனாராம். அப்பத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக வளைத்து நெஞ்சுக்குழியில் வைத்துக் காட்டுவாள். அந்தத் தகரமும் இப்போது இல்லை. அவள் விரல்கள் காட்டிய அளவு என் கண்ணில் இருக்கிறது.

கொழும்பில் வட்டிக்கடை வைக்கப் போன செட்டியாரும் அதே கடலைத்தான் கடந்தார். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது 'கொண்டுவிக்கப் போனார்' என்போம், வணிகம் செய்யப் போனார் என்று பொருள். அப்பத்தாவின் அப்பா 'பிழைக்கப் போனார்'. நகரத்தார் என்கிற அந்தச் செட்டியார்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் அவர்களிலும் உண்டு. நான் கேட்பதெல்லாம், ஒரே பயணத்துக்கு ஏன் இரண்டு சொல் என்பதுதான்.

இந்த இரட்டைச் சொல் நம்மோடு நிற்கவில்லை. உலகம் முழுவதும் வெள்ளைக்காரர் வேலைக்கு வெளிநாடு போனால் 'எக்ஸ்பாட்', மதிப்போடு வெளிநாட்டில் வாழ்பவர். நம் ஆள் போனால் 'மைக்ரண்ட்', பிழைக்க வந்தவர். மானுடவியலும் வெகுகாலம் இரண்டாமவரைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தது. சலுகையோடு இடம்பெயர்கிறவர்களையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கியது பிற்பாடுதான். அந்தத் துறையின் தொடக்கத்திலேயே இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. களப்பணிக்கு இலக்கணம் வகுத்தவராகக் கொண்டாடப்படும் மலினோவ்ஸ்கி, முதல் உலகப்போர் மூண்டபோது ஆஸ்திரேலிய மண்ணில் இருந்தார். ஆஸ்திரியக் குடிமகன் என்பதால் அந்த அரசுக்கு அவர் எதிரி நாட்டவர். அப்படியிருந்தும் நியூ கினி பக்கத்து டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்ய அவருக்கு அனுமதி கிடைத்தது. அதே காலத்தில்தான் எந்த நாட்டுக்கும் எதிரியாக இல்லாத நம் ஆட்களின் கழுத்தில் தகரம் தொங்கியது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே இடப்பெயர்வு பற்றிய ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைத்திருந்தார்கள். ஒரு தூதரகத்தில் விண்ணப்பித்தேன். அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் கொடுத்தேன். திரும்பி வந்த படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள்: விசா முடிவதற்குள் நான் நாடு திரும்புவேனா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். கட்டிய பணம் திரும்பவில்லை. அந்த மாணவிக்கும் இந்திய ஆய்வு விசா எளிதில் கிடைத்துவிடவில்லை. பல மாதம் காத்திருந்தார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் ஊர் திரும்புவாரா என்று யாரும் சந்தேகப்படவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். பத்தாம் வகுப்பு முடிக்காததால் அவன் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று அச்சிட்டிருக்கிறது. வளைகுடாவுக்குப் போவதாக இருந்தால் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பதால் மனைவியை அழைத்துக்கொள்ள முடியாது. அவன் கட்டும் அதே கட்டடத்தின் பொறியாளர் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருக்கிறார்; மாதச் சம்பளம் 6,000 டாலருக்குக் குறையாவிட்டால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். தம்பியின் மகளுக்கு நான்கு வயது. அப்பாவைச் செல்பேசியில்தான் தெரியும்.

செட்டிநாட்டுக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் பேரேடு இருக்கிற வீட்டுக்கே போகிறார்கள். தாள் இருக்கிற இடத்தில் வேலை சுலபம் என்பது புரிகிறது. ஆனால் அந்தத் தம்பியின் பெர்மிட் அட்டையும் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் ரசீதும் நாளைய பேரேடுகள். அவற்றை இன்று யாரும் கேட்பதில்லை.

ஆகையால் நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் பழைய கப்பல் டிக்கெட்டோ தோட்டத்துச் சீட்டோ 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் தாள்களோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். செய்தி அனுப்புங்கள், நானே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன். தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.