பால்நிலை கேளுங்கள், ஆனால் கவுண்டரில் வைத்து வேண்டாம்

மலையகத்தில் ஹட்டன் பக்கம் புதிதாக ஓர் உளவள ஆலோசனைச் சேவை தொடங்கப் போகிறார்களாம். அதன் பதிவுப் படிவத்தின் தமிழ் வரைவு சில நாட்களாக எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தேயிலைத் தோட்டம், அதில் எந்த டிவிசன் (பிரிவு). அதற்குக் கீழேயே 'உங்கள் பால்நிலை என்ன', 'உங்களைக் குறிப்பிட எந்தப் பிரதிப்பெயரைப் பயன்படுத்த வேண்டும்' என்று இரண்டு கேள்விகள். முதலாவது, ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ எப்படி உணர்கிறார் என்பது; இரண்டாவது, அவன், அவள், அவர் என்பதில் எது என்பது. அதில் தொடங்கியது சண்டை. ஒரு பக்கம், "கொழும்பில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினது, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள். இன்னொரு பக்கம், அந்தக் கேள்விகளைத் தொட்டாலே பிற்போக்கு என்கிறார்கள்.

நான் சொல்லப்போவது இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காது. கேள்வி வேண்டும். ஆனால் முதல் பக்கத்தில் வேண்டாம், கவுண்டரில் வேண்டாம், இந்த வார்த்தைகளில் வேண்டாம்.

நான் டாக்டரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. சிங்களம் சரளமாக வரும் என்பதால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரோடு கிளினிக்குக்குத் துணைக்குப் போய்ப் பழகியவள். படிவம் என்று நினைத்தால் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வருவது தாள் இல்லை, அந்த வரிசைதான். துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் மேல் டிவிசன் அக்கா, எதிரில் கணக்கப்பிள்ளையின் மச்சான். கவுண்டரில் இருப்பவர் கேள்வியைச் சத்தமாகக் கேட்பார், நாமும் சத்தமாகப் பதில் சொல்வோம். வயது என்ன, கல்யாணம் முடித்ததா, எத்தனை பிள்ளைகள், குடிப்பாரா. படிவத்தை நாமே நிரப்பலாமே என்று கேட்பவர்கள் ஒரு கிளினிக் நாளில் வந்து பார்க்க வேண்டும். தாள் சிங்களத்தில் இருக்கும், பேனா ஒன்றுதான் இருக்கும், அதுவும் நூலில் கட்டியிருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆயாவுக்கு யாரோ ஒருவர் வாசித்துத்தான் காட்ட வேண்டும். அந்த இடத்தில் வைத்து ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் "உன் பால்நிலை என்ன" என்று கேட்பது, கோயில் மைக்கில் கேட்பது மாதிரிதான்.

பிள்ளை என்ன சொல்லும்? அடையாள அட்டையில் இருப்பதைத்தான் சொல்லும். அது அப்படியே கோப்பில் ஏறும். பிறகு உள்ளே போய் ஆலோசகரிடம் உண்மையைச் சொல்ல நினைத்தாலும், வெளியே ஏற்கெனவே ஒன்றைச் சொல்லிவிட்டோமே என்ற தயக்கம் குறுக்கே நிற்கும். கேள்வி இல்லாதிருந்தால்கூடப் பேச்சு தானாக அந்தப் பக்கம் போயிருக்கலாம். தப்பான இடத்தில் கேட்டதால் கதவு சாத்தியாகிவிட்டது.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 'பால்நிலைக் கட்டத்தை வெறுமையாக விடலாம்' என்று வரைவில் பெருந்தன்மையாகப் போட்டிருக்கிறார்கள். சரி. ஆனால் அதற்கு மேலேயே அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார்களே! நம் நாட்டு அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. ஆண்டின் 150ஆம் நாளில் பிறந்த ஆணுக்கு 150 என்று வரும் இடத்தில், அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 500ஐக் கூட்டி 650 என்று வரும். பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இப்படித்தான், புதிய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இப்படித்தான். கவுண்டரில் வேலை செய்து பழகியவர்கள் இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆகவே கட்டத்தை வெறுமையாக விடுகிறவர் எதையும் மறைத்ததாக ஆகாது. எல்லாரும் எழுதிய ஒன்றை இவர் மட்டும் எழுதவில்லையே என்றுதான் கண்ணில் படும். ஆலோசனைக்கு வருகிற ஆளிடம் முதல் நாளே அந்த இலக்கம் எதற்கு? அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அது தேவைப்படலாம். ஒரு தனியார் நிறுவனத்தின் ஆலோசனை அறைக்கு ஒரு கோப்பு இலக்கம் போதும்.

இப்போது "நம்ம ஊருக்கு இது எதுக்கு" என்பவர்களிடம் வருகிறேன். உளநல கிளினிக்கில் பால்நிலை பற்றிக் கேட்பது வெளிநாட்டிலிருந்து இறக்கிய புதுப் பழக்கம் என்று நினைக்கிறீர்கள். உண்மை வேறு. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று பதிவான ஒருவர் பெண்ணாக வாழ்கிறார், அல்லது பெண் என்று பதிவானவர் ஆணாக வாழ்கிறார் என்றால், அந்தச் சான்றிதழைக் கொண்டுதான் பிறப்புச் சான்றிதழைத் திருத்த முடியும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் அதற்குப் பிறகு. சான்றிதழில் கையெழுத்து வைப்பவர் யார்? உளமருத்துவ நிபுணர். அதாவது இந்த நாட்டில் ஒரு திருநங்கையோ திருநம்பியோ தன் காகிதங்களைச் சரியாக்க வேண்டுமென்றால், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உளநல கிளினிக் வாசலை மிதித்தே ஆக வேண்டும். பாதையை அந்த வாசல் வழியாகப் போட்டது அரசாங்கம். வாசலில் நிற்கிறவருக்கு இவர்கள் வருவார்கள் என்று தெரியாமல் இருப்பது எப்படி நியாயம்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில், பதிவான பாலும் தான் உணரும் பாலும் ஒத்துப்போகாத இந்த நிலையை உளநோய்கள் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது. பாலியல் ஆரோக்கியம் பற்றிய அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. 2019இல் ஏற்றுக்கொண்டார்கள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உளநோய் இல்லை என்று சொல்லியாகிவிட்டது, ஆனால் இங்கே கையெழுத்துக்கு உளமருத்துவரிடம்தான் போக வேண்டும். அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து என்றால் காலையில் முதல் பஸ் பிடித்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு.

"குடி இருக்கு, கடன் இருக்கு, தாய் மிடில்ஈஸ்ட்டில், பிள்ளை பாட்டியிடம், இதைப் பார்க்காமல் பால்நிலையாம்" என்று ஓர் அண்ணன் குழுவில் எழுதியிருந்தார். அண்ணே, நீங்கள் சொன்ன எல்லாமே இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் அந்தக் குடிக்கும் கடனுக்கும் நடுவில் வளர்கிற பிள்ளைகளில் இப்படியும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளைக்கும் அதே குடிகார அப்பாதான், அதே கடன்தான், கூடவே இதுவும். அப்புறம், ஆண் பெண் என்று தாளில் எழுதுவது நமக்கு ஏதோ புதுச் சங்கதி மாதிரி பேசாதீர்கள். நம் பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரே நாட்கூலி வந்தது 1984இல்தான். அதுவரை தாளில் பெண் என்று இருந்தால் கூலி குறைவு. இங்கே அந்தச் சொல் எப்போதும் காசாகவும் இருந்திருக்கிறது.

பிரதிப்பெயர் விஷயம் கொஞ்சம் வேறு. எங்கோ ஆங்கிலத்தில் இருந்த கேள்வியை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேசும்போது 'நீங்க' என்றால் முடிந்தது, அதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. கோப்பில் எழுதும்போது 'அவர்' என்று எழுதினால் யாருக்கும் நோகாது. நம் ஊரில் குத்துவது வேறு இடத்தில். "தம்பி இங்க வாங்க", "தங்கச்சி அந்தப் பக்கம் உட்காருங்க", சிங்களத்தில் என்றால் "மல்லி", "நங்கி". போனில் என்றால் குரலை வைத்தே சேரா மிஸ்ஸா என்று முடிவு. மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் திருநங்கை ஒருவரை, சேலை கட்டி வந்திருக்கும்போது, அட்டையைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே "தம்பி" என்று கூப்பிட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வாங்கில் சிரித்தார்கள். அவர் மருந்து எடுக்காமலே போய்விட்டார். எந்தப் படிவமும் அந்த வாயைக் கேள்வி கேட்கவில்லை.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'உங்களை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்?' அவ்வளவே. இது எல்லாருக்கும் உதவும். பிறப்புப் பதிவில் சிங்களத்தில் எழுதி, அங்கிருந்து இங்கிலீசுக்குப் போய், திரும்பித் தமிழுக்கு வரும்போது சொந்தப் பெயரே அடையாளம் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. கிளினிக்கில் கூப்பிடுவது தன்னைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்து முறை தவறியவர்களையும் பார்த்திருக்கிறேன். 'என்ன சொல்லிக் கூப்பிட' என்று எல்லாரிடமும் கேட்டால், அந்தத் திருநங்கையும் தனியாகத் தெரிய மாட்டார்.

பெயர் கூப்பிடுவது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், ஆம். அமெரிக்காவில் 129 திருநர் இளைஞர்களை (திருநங்கை, திருநம்பி போன்றவர்களை) வைத்துச் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, தாங்கள் தேர்ந்த பெயரை வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என்று எத்தனை இடங்களில் பயன்படுத்த முடிகிறது என்று பார்த்தது. கூடுதலாக ஓர் இடத்தில் அந்தப் பெயர் புழங்கினாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், இது அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, அமெரிக்கா நம் தோட்டமும் இல்லை. இருந்தாலும், செலவே இல்லாத ஒரு காரியத்துக்கு இந்த அளவு ஆதாரம் எனக்குப் போதும்.

அதே அமெரிக்காவில் 2022இல் தேசிய அறிவியல் கழகங்கள் இப்படிப்பட்ட கேள்விகளை எப்படிக் கேட்பது என்று பெரிய அறிக்கை கொடுத்தன. 2025 ஜனவரியில் புதிய ஜனாதிபதி வந்த அன்றே, மத்திய அரசின் படிவங்களில் ஆண், பெண் தவிர வேறு எதுவும் கூடாது என்று உத்தரவு போட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படிவத்தில் எழுதியது அங்கேயே கிடக்கும், அதைப் படிக்கும் ஆட்சி மாறும். படிவத்தை நம்பிக் கெட்ட அனுபவம் நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைக்கு யார் இந்தியாவுக்கு யார் என்று தாள் பார்த்துப் பிரித்தது. அதனால்தான் நம் பெரியவர்கள் இன்றைக்கும் எந்தத் தாளைக் கண்டாலும் முதலில் 'இது எங்கே போகும்' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி அது.

எங்கே போகும்? வரைவில் பதில் இல்லை. என் பெரிய கோபம் இதில்தான், பால்நிலைக் கட்டத்தில் இல்லை. கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தால் பல தோட்டங்களில் அது தோட்ட ஆபீசுக்குத்தான் போகும், அங்கிருந்து கை மாறித்தான் லயத்துக்கு வரும். போன் என்றால் வீட்டில் ஒன்றுதான், அப்பா எடுப்பார். லயச் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி வீடு. மொழிபெயர்ப்புக்கு வருகிறவரும் அதே ஊர்க்காரர், நான் உட்பட. என் வாயை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள்? என்னிடம் யாரும் ஒரு கையெழுத்துக்கூட வாங்கியதில்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. 2023 மே மாதம், அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டமூலம் நிறைவேறவில்லை. அந்தப் பிரிவுகள் ஒருவர் ஆணா பெண்ணா திருநரா என்பதைப் பற்றிப் பேசவில்லை, உறவைப் பற்றித்தான் பேசுகின்றன. வரைவின் மூன்றாம் பக்கத்தில் 'பாலியல் நாட்டம்' என்றும் ஒரு கட்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? அதைத் தாளிலிருந்து முற்றாக எடுத்துவிட வேண்டும். பேச்சில் வந்தால் வரட்டும், ஆலோசகருக்கு மட்டும் தெரியட்டும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் பாலியல் நாட்டத்தையும் விசேட வகைத் தரவு என்று தனியாக வைத்திருக்கிறது. படிவம் எழுதியவர்கள் அதையும் ஒரு தடவை புரட்டியிருக்கலாம்.

நான் அவர்களுக்கு எழுதி அனுப்பியது சுருக்கமாக இது. கவுண்டரில் கூப்பிடும் பெயரும் தொடர்பு எண்ணும் மட்டும் வாங்குங்கள். அந்த எண்ணை வேறு யார் எடுப்பார்கள், எடுத்தால் எங்கிருந்து பேசுவதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் போடாதீர்கள். பெயரைக் கத்தாமல் துண்டு இலக்கத்தைக் கூப்பிடுங்கள். பால்நிலையை ஆலோசகரே, கதவு சாத்திய அறையில், முதல் நாளோ மூன்றாம் நாளோ, பேச்சு தோதாக வரும்போது கேட்கட்டும். எழுதுவதற்கு முன் 'இதை எழுதட்டுமா' என்று கேட்கட்டும். ஆண், பெண், மற்றவை என்று மூன்று கட்டம் போட்டு ஒருவரை 'மற்றவை' ஆக்காமல் ஒரு வெற்றுக் கோடு விடுங்கள். துணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளரிடம் இரகசியம் காப்பதாக எழுதி வாங்குங்கள், முதல் ஆளாக நான் கையெழுத்து வைக்கிறேன். காவலாளியிலிருந்து கவுண்டர் பிள்ளை வரை எல்லாருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள், அது ஆலோசகருக்குக் கொடுப்பதை விட அவசரம்.

இன்னும் பதில் வரவில்லை. வரைவைத் திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பதுளை, பண்டாரவளை, தலவாக்கலைப் பக்கம் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய் வந்தவர்கள், கவுண்டரில் உங்களை எப்படிக் கேட்டார்கள், எப்படிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள், சேர்த்து அனுப்புகிறேன். வேறு ஒருவரைப் பற்றி எழுதுவதாக இருந்தால் பெயரும் தோட்டமும் போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன்.