எங்கட காய்ச்சல் கணக்கு எங்களுக்கும் வரட்டும்

மாரி மழை தொடங்கினால் திருகோணமலையில் யாராவது ஒருவர் "டெங்குக்கு ஒரு ஆப் செய்தால் என்ன" என்று பதிவு போட்டுவிடுவார். என்னைக் கேட்டால் இன்னொரு ஆப் வேண்டவே வேண்டாம். இருக்கிற கணக்கை இருக்கிற வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

என்ன கணக்கு என்கிறீர்களா? டெங்கு சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்தாலே வைத்தியர் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அந்த நோயாளியின் வீட்டுக்குப் போய் விசாரிப்பார், சுற்றுவட்டாரத்தைப் பார்ப்பார். பிறகு அந்த எண்கள் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய், வாராந்த அறிக்கையாக இணையத்தில் வெளிவருகின்றன. திருகோணமலைக்கு அதில் தனி வரி உண்டு. ஆனால் ஆங்கிலத்தில், முழு மாவட்டத்துக்கும் சேர்த்து. புல்மோட்டையில் இருப்பவருக்கும் வெருகலில் இருப்பவருக்கும் ஒரே எண். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

டெங்கு நுளம்பு அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீற்றருக்குள்தான் அதன் வாழ்க்கை. முட்டை நுளம்பாவதற்கு எட்டுப் பத்து நாள் போதும். ஆகவே எனக்குத் தேவை மாவட்டக் கணக்கு அல்ல, என் கிராம சேவகர் பிரிவின் கணக்கு. அதுவும் இந்த வாரமே.

2017ஐ மறந்துவிட்டோமா? அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வருடத் தொடக்கத்திலேயே கடுமையாக அடிவாங்கிய இடங்களில் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவும் ஒன்று. நிலைமை எவ்வளவு மோசம் என்பது பலருக்கு பள்ளிவாசலில் ஜனாஸா (மரண) அறிவித்தல் கேட்டுத்தான் உறைத்தது.

வதந்தி மட்டும் தாமதிப்பதே இல்லை. "பப்பாசி இலைச் சாறு குடுங்கோ, பிளேட்லட் ஏறும், ஆஸ்பத்திரி தேவையில்லை" என்று ஒரு குரல் பதிவு வந்தால் அன்றைக்கே நிலாவெளியிலிருந்து மூதூர் வரை சுற்றிவிடும். ஏன்? அது எங்கள் பேச்சில், எங்கள் ஊர் ஆளின் குரலில் வருகிறது. சுகாதார அறிவித்தலோ பொடி எழுத்துப் போஸ்டராக வருகிறது. வயதான அம்மா ஒருவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிப்பார் என்று யார் நினைத்தார்களோ!

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். "காய்ச்சல் விட்டுட்டுது, பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்" என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கக்கூடாது, வயிற்றுவலியோ விடாத வாந்தியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி, அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம். இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

நான் கேட்பது இதுதான். வாரத்துக்கு ஒருமுறை, அந்தந்தப் பகுதி பீ.எச்.ஐயோ குடும்பநல உத்தியோகத்தரோ தன் சொந்தக் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்பட்டும். எந்தப் பிரிவில் எத்தனை பேர், எங்கே குடம்பி (நுளம்புப் புழு) கண்டது, கூரைப்பீலியிலா, டயரிலா, தண்ணீர்த் தாங்கியிலா. கோயில், பள்ளிவாசல், மீனவர் சங்கம், பாடசாலைப் பெற்றோர் என்று குறூப் இல்லாத இடம் எது?

அவர்களுக்கு ஏற்கெனவே வேலை கூடத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு அவர்கள் கையில்தானே இருக்கிறது. பெயரும் வீடும் மட்டும் ஒருபோதும் வரக்கூடாது. கொரோனா நேரம் நோயாளிகளின் விபரத்தை முகநூலில் போட்டுக் கிழித்ததைப் பார்த்தோம். அப்படிச் செய்தால் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார்.

போன் இல்லாத வீடுகளுக்கு? வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் கோயிலிலும் அதே பதிவை ஒலிபெருக்கியில் போடலாம். இதற்கு அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த மழைக்கு முன்பு ஒரேயொரு கிராம சேவகர் பிரிவில் தொடங்கிப் பாருங்கள்.