கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கலாம்
கவலை வந்தால் அதை நினைக்கவே கூடாது என்கிறது, குடியை விட்டவர்களுக்கான ஒரு கட்டுரை. நினைக்காமல் இருப்பது அவ்வளவு சுலபமா என்ன? 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார். அதுவேதான் திரும்பத் திரும்ப வந்தது. குடியை விட்ட புதிதில் கவலையும் அப்படித்தான். அடக்குவதைவிடத் தள்ளிப்போடுவது எளிது. மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு, அதுவரை வருவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். அந்த நேரம் வரும்போது பல கவலைகள் சப்பென்று ஆகியிருக்கும். கடன், வேலை மாதிரி நிஜப் பிரச்சினை என்றால், அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைப் பக்கத்தில் எழுதினால் போதும். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் இது வேண்டாம், தூக்கம் கெடும். அப்புறம், குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் வரும் கைநடுக்கமும் படபடப்பும் வேறு விஷயம். அதற்கு உடனே மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.