கடை நம்முடையது, பேரேடு யாருடையது?

வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்க நம் சொந்த சர்வரிலேயே ஓட்டக்கூடிய மென்பொருள் மடோமோ. அதைப் பற்றி யார் எழுதினாலும் பிரைவசியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்ற கணக்கை ஒரு வியாபாரி தன் கையிலேயே வைத்துக்கொள்ள அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: பழைய கணக்கு.

இதே கணக்கெடுப்புக்குக் கூகுள் கொடுத்த பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் என்ன ஆனது என்று நினைவிருக்கும். இலவசமாகப் பயன்படுத்தியவர்களுக்கு 2023 ஜூலை 1-ல் புதுத் தரவு சேர்வது நின்றது. அடுத்த ஒரு வருடம் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்க மட்டும் அனுமதி. 2024 ஜூலையிலிருந்து அதுவும் போனது, தரவையும் அழித்தார்கள். 2022 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய கணக்கை, அதற்குப் பதிலாக வந்த ஜிஏ4-க்குள் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) கொண்டுபோக வழி தரவில்லை. வேண்டுமானால் எக்ஸ்போர்ட் செய்துகொள் என்றார்கள். திரையிலிருந்து எடுத்தால் ஒரு தடவைக்கு 5,000 வரிசைதான்.

பல வருடத் தீபாவளியை வரிசையாக வைத்துப் பார்க்க நினைக்கும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018, 2019 இல்லாமல் கோவிட் வருடங்களை மட்டும் வைத்து எதைக் கணிப்பது? எவ்வளவு விற்றது என்பது பில்லில் இருக்கும். வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர் எந்த ஊர், எந்தப் பக்கத்தோடு கிளம்பினார் என்பது அனலிட்டிக்ஸில் மட்டும்தான் இருந்தது. பேரேட்டை அடுத்தவர் வீட்டுப் பரணில் வைத்திருந்தால் இப்படித்தான். சொல்லிவிட்டுத்தான் ஒழித்தார்கள், ஆனாலும் நாள் குறித்தது அவர்கள்.

மடோமோவை 2007-ல் பிவிக் என்ற பெயரில் ஆரம்பித்தவர் மத்தியூ ஓப்ரி. 2018-ல் பெயர் மாறியது. நிறுவனம் இருப்பது நியூசிலாந்தின் வெலிங்டனில். ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பிஹெச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் ஓடுகிற சர்வர் போதும். ஒவ்வொரு வருகையும் உங்கள் டேட்டாபேஸில் லாக்_விசிட் என்ற டேபிளில் ஒரு வரியாக விழுகிறது. வந்த நேரம், எங்கிருந்து வந்தார், எந்த பிரவுசர், எவ்வளவு நேரம் இருந்தார், எல்லாம் அந்த வரியிலேயே. திறந்து கண்ணால் பார்க்கலாம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி தெரிந்த ஒரு பையன் இருந்தால் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லாத கேள்வியைக்கூடக் கேட்டுப் பதில் வாங்கலாம். தரவு உங்களுடையது என்று விளம்பரத்தில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். டேட்டாபேஸை அப்படியே நகல் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையைப் போட்டு முழுசாக எடுத்துக்கொண்டு போக முடிகிறதா என்பதுதான் நான் வைக்கும் ஒரே சோதனை.

பிரைவசி வாதம் வலுத்தது ஐரோப்பாவில். பிரைவசிக்காக வழக்காடும் ஆஸ்திரிய வழக்கறிஞர் மேக்ஸ் ஷ்ரெம்ஸின் நோய்ப் (noyb) அமைப்பு 2020-ல் 101 புகார்களைக் கொடுத்தது. 2022-ல் ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி என்று வரிசையாக, அமெரிக்காவுக்குத் தரவு போவதால் கூகுள் அனலிட்டிக்ஸ் பயன்பாடு சட்டத்துக்கு முரண் என்று அந்தந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள் முடிவு சொல்லின. 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புது ஏற்பாட்டுக்கு வந்ததும் அந்தச் சூடு தணிந்துவிட்டது. சட்டத்தை மட்டும் நம்பி மாறுகிறவர் சட்டம் மாறினால் திரும்பிப் போய்விடுவார். பழைய கணக்குக்காக மாறுகிறவர் போகமாட்டார்.

சரி, வேலை இல்லாமல் வருமா? வராது. டேட்டாபேஸ் மாதாமாதம் பெருகும். ரிப்போர்ட் தயாரிக்கும் ஆர்க்கைவ் வேலையைக் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் சர்வர் வசதி) போட வேண்டும். போடாமல் விட்டால், கூட்டம் அதிகம் வரும் தளத்தில் டாஷ்போர்டைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக இருக்கும். பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில். பேக்கப் எடுக்காதவருக்குச் சொந்த சர்வர் கூகுளைவிட ஆபத்து. ஹீட்மேப் (பக்கத்தில் எங்கே அதிகம் கிளிக் செய்கிறார்கள் என்ற படம்), ஃபனல் (வாங்கும் வழியில் எந்தக் கட்டத்தில் விலகுகிறார்கள் என்ற கணக்கு) போன்றவற்றுக்குக் காசு கட்ட வேண்டும். நிறுவனம் அதிலும் கிளவுட் சந்தாவிலும்தான் பிழைக்கிறது, எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அப்புறம், விளம்பரத்தையும் கணக்கெடுப்பையும் தடுக்கும் ஆட்பிளாக்கர்கள் மடோமோவையும் விடுவதில்லை. சொந்த சர்வர் என்பதால் எல்லோரும் கணக்கில் வந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கூகுள் ஆட்ஸில் மாதம் நிறையக் காசு கொட்டுகிறவர் ஜிஏ4-ஐ விட்டுவிட முடியாது, விடச் சொல்லவும் மாட்டேன். இரண்டையும் ஒரே தளத்தில் ஓட்டலாம். எண்ணிக்கை ஒத்துப்போகாது, பதற வேண்டாம், இரண்டும் எண்ணுகிற விதம் வேறு.

ஜிஏ4 மட்டுமே போதும் என்பவர்கள் அட்மின் பக்கத்தில் டேட்டா ரிடென்ஷனை (வருகையாளர் வாரியான விவரத்தை எத்தனை மாதம் வைத்திருப்பது என்ற அமைப்பு) திறந்து பாருங்கள். ஆரம்பத்தில் அது 2 மாதம்தான் இருக்கும். இலவசக் கணக்கில் 14 மாதம் வரை கூட்டலாம். கூகுளின் டேட்டா கிடங்கான பிக்குவெரியையும் இன்றே இணைத்துவிடுங்கள். இணைத்த நாளிலிருந்துதான் தரவு வரும், முந்தையது வராது.