உதவிப் பேராசிரியர் என்றால் உதவியாளர் இல்லை

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர்களின் பதவி உயர்வு வாழ்த்துக்குக் கீழே, ‘உதவிப் பேராசிரியர் என்றால் வெறும் உதவியாளர், பேராசிரியரிடம் மட்டும் காட்டுங்கள்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது அப்படியில்லைங்க. அவர்களும் எம்டி, எம்எஸ் போன்ற மேற்படிப்பு முடித்த முழு மருத்துவர்கள்தான். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து கொடுக்கும் மெடிக்கல் ஆன்காலஜி துறை என்றால் அதற்கும் மேலே டிஎம் என்ற உயர் சிறப்புப் படிப்பு அல்லது அதற்கு இணையான படிப்பு வேண்டும். உதவி, இணை என்பதெல்லாம் ஆசிரியர் பணியின் படிகள்.

சந்தேகம் இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டைத் திறந்து, மருத்துவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு எண்ணும் அதில் பதிவான படிப்பும் இருக்கும். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் விடியற்காலையிலேயே பயாப்சி ரிப்போர்ட்டோடு வரிசையில் நிற்கும் ஒருவர் அந்த நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு, ‘சரி, பெரிய டாக்டர் இருக்கும்போது வரலாம்’ என்று திரும்பிப் போய்விடக் கூடாது.