மருகி சொன்னதில் என்ன தப்பு?

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பெர்சோனா 5 ராயல் என்ற வீடியோ கேமை விளையாடிக்கொண்டு இருப்பவர்கள், தள்ளுபடியில் வாங்கிப் போட்டுவிட்டு இன்னும் தொடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கதை மொத்தத்தையும் உடைக்கப் போகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாசம் தவறாமல் ஒரே சண்டை. யாராவது ஒருத்தர் கேமை முடித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்து, "ஏன்டா, மருகி சொன்னதுல என்னதான் தப்பு?" என்று ஒரு வரி போடுவார். மருகி அந்தக் கதையில் வரும் மனநல ஆலோசகர், எல்லோர் வலியையும் இல்லாமல் ஆக்கி அவரவர் ஆசைப்பட்ட வாழ்க்கையைக் கொடுத்துவிடுகிறேன் என்கிறவர். சண்டை விடிய விடிய ஓடும். ஒரு கட்சிக்கு அந்த ஆள் சிரித்த முகம் வைத்த சர்வாதிகாரி. இன்னொரு கட்சிக்கு அந்தக் கதையிலேயே உருப்படியான ஒரே பெரிய மனுஷன் அவர்தான். போன வாரமும் இதே கூத்து. நான் தட்டத் தட்ட நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அட்லஸ் நிறுவனம் 2016இல் ஜப்பானில் வெளியிட்ட கேம், மற்ற நாடுகளுக்கு 2017 ஏப்ரலில் வந்தது. ராயல் என்பது கூடுதல் கதை சேர்த்த பதிப்பு, ஜப்பானில் 2019, வெளியே 2020. நாயகன் பள்ளிக்கூடப் பையன். குடித்துவிட்டு ஒரு பெண்ணிடம் வம்பு செய்த பெரிய இடத்து ஆளைத் தடுக்கப் போய், பொய் வழக்கில் சிக்கி, டோக்கியோவில் ஒரு காபிக் கடையின் மாடியில் வந்து விழுகிறான். கடை பெயர் லெப்ளாங்க். இருக்கும் இடம் யோங்கென்-ஜயா. நிஜ டோக்கியோவில் இருப்பது சங்கென்-ஜயா, மூன்று தேநீர்க் கடை என்று அர்த்தம். கேம்காரர்கள் ஒரு கடையைச் சேர்த்து நாலாக்கிவிட்டார்கள். இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பகலில் ஸ்கூல், சாயங்காலம் நண்பர்கள், நடுவில் அக்கிரமம் செய்யும் பெரியவர்களின் மனசுக்குள்ளேயே புகுந்து, அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் கோணல் ஆசையைத் திருடிவிட்டு வருவது. திருடியதும் வெளியே அந்த ஆள் மனம் மாறி, எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொள்வார். இதுதான் ஆட்டம்.

நூறு மணி நேரம் இழுக்கிறது என்று பாதிப் பேர் அலுத்துக்கொள்கிறார்கள். இழுக்கட்டும். நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியாகக் கிழிவதுதான் இதில் ருசியே. மொர்கானா என்ற அந்தப் பூனை ராத்திரி ஆனால் "போய்த் தூங்கு" என்று விரட்டுவது எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். என் நிஜக் கோபம் வேறு இடத்தில். முதல் அத்தியாயம் முழுக்க கமோஷிதா என்ற விளையாட்டு வாத்தியார் பெண் பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டி நம் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறார்கள். அவனிடம் சிக்கிய ஷிஹோ என்ற மாணவி, நம் கூட்டத்து அன்னின் தோழி, மாடியிலிருந்து குதிக்கும் காட்சியில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த அத்தியாயத்திலேயே அதே அன்னை, ஓவியன் யூசுகேவுக்கு உடையில்லாமல் போஸ் கொடுக்கச் சொல்லி நண்பர்களே நெட்டித் தள்ளுகிறார்கள், அதையும் காமெடியாக! ராயலில் திருத்துவார்கள் என்று பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டார்கள்.

சரி, மருகிக்கு வருகிறேன். டகுதோ மருகி. தமிழில் எழுதும்போதே "உருகி மருகி" என்று வாய்க்கு வருகிறது, ஆளும் அப்படித்தான். கமோஷிதா விவகாரத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை கொடுக்க ஸ்கூலில் போட்ட ஆள். கலைந்த தலை, வெள்ளைக் கோட்டு, தடுமாறிப் பேசும் பேச்சு. ஸ்கூல் மருத்துவ அறையில் உட்கார்ந்திருப்பார். போனால் தின்பண்டம் எடுத்து நீட்டுவார். நண்பர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே போய் அவரிடம் மனசைத் திறந்து பேசுகிறார்கள். நமக்கு அது ஏதோ பக்கக் கதை போலத் தெரியும்.

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். நவம்பர் 18க்கு முன்னால் அவரோடான நட்பை ஒன்பதாம் படிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பாத்ஹவுஸில் குளித்தேன், பர்கர் சாப்பிடும் போட்டியில் தோற்றேன், பரீட்சைக்குப் படித்தேன், பெர்சோனாக்களை, அதாவது சண்டையில் நமக்காக வரும் சாமி பூத உருவங்களை, கலந்து கலந்து புதுசு செய்தேன். (அந்தக் கலப்பு ஒரு தனி போதை. இரண்டு பெர்சோனாக்களைக் கில்லட்டினில் வைத்து வெட்டினால் மூன்றாவது பிறக்கும். அந்தப் பட்டியலில் பிள்ளையாரும் உண்டு. அம்மா பின்னால் வந்து நின்ற நேரம் பார்த்து அவரைக் கத்திக்குக் கீழே நிறுத்தியிருந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கேள்விக்குறி. பாலித்தீவின் ரங்தாவையும் பரோங்கையும் சேர்த்தால் சிவன் வருவார் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.) மருகியை எட்டிப் பார்த்தது நாலைந்து தடவைதான். கதை டிசம்பர் 24இல் இருந்து ஒரே தாவலாகப் பிப்ரவரிக்குப் போய் முடிந்துவிட்டது. நூத்திப்பத்து மணி நேரம்! ராயல் என்று காசு கொடுத்து வாங்கிய பகுதியைப் பார்க்காமலே பெயர் ஓட்டம் போட்டுவிட்டார்கள். நெட்டில் தேடிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. முதலிலிருந்து இன்னொரு தரம். ஆகவே ராயலில் சேர்த்த அந்தப் பகுதியை, மூன்றாம் பருவம் என்பார்கள், நான் பார்த்தது கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து.

ஜனவரி 1. எல்லாம் சரியாகிவிட்டிருக்கிறது. நண்பன் ரியூஜிக்குக் கால் குணமாகி மறுபடி ஓட்டப்பந்தய அணியில் இருக்கிறான். தோழி மகோதோவின் செத்துப்போன போலீஸ் அப்பா உயிரோடு இருக்கிறார். பூனை மொர்கானா மனுஷனாகவே வந்து நிற்கிறது. ஃபுதாபா என்று ஒரு பெண், அம்மா செத்தது தன்னால்தான் என்று நம்பவைக்கப்பட்டு, வருஷக்கணக்கில் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தவள். லெப்ளாங்கில் நுழைந்தால் அவள் அம்மா வகாபா இருக்கிறாள். வளர்த்த சோஜிரோ, அம்மா, மகள், மூன்று பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய இசை கிடையாது, அழுகை கிடையாது. ஒரு குடும்பம், அவ்வளவுதான். அந்தச் சாதாரணத்தில்தான் வயிற்றைப் பிசைந்தது.

இதையெல்லாம் செய்தவர் மருகி. அன்றைக்கு அந்த மருத்துவ அறையில் பிள்ளைகள் சொன்ன வலி எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்து, இல்லாமல் ஆக்கிவிட்டார். காசு வாங்கவில்லை, கும்பிடச் சொல்லவில்லை. அவருக்கு நிச்சயித்திருந்த பெண் ரூமி, அப்பா அம்மா கொலையாவதைக் கண்ணால் பார்த்து நொறுங்கிப்போனவள். அவள் வலியைத்தான் அவர் முதன்முதலில் துடைத்தது. வலியோடு சேர்ந்து அவரும் அவள் ஞாபகத்திலிருந்து போய்விட்டார். அதையும் பொறுத்துக்கொண்ட மனுஷன். இவரைப் போய் வில்லன் என்று அடிக்கச் சொன்னால் கை எப்படி வரும்?

என் சித்தி பெண்ணுக்கு வரவில்லை. 2021இல் சித்தி போய்ச் சேர்ந்தார். அவள் இந்த கேமை விளையாடியது அதற்கடுத்த வருஷம். பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி மருகி லெப்ளாங்குக்கே வந்து, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார். அவள் ஒத்துக்கொண்டாள். எல்லோரும் சிரிக்கும் முடிவு வந்தது. பெட்டியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். "நெஜ முடிவு இன்னொண்ணு இருக்கு, பழைய சேவ் போட்டுப் பாரு" என்றேன். "தெரியும்ண்ணே. எனக்கு இது போதும்" என்றாள்.

அதனால் குழுவில் யாராவது "மருகி பக்கம் பேசறவனுக்கெல்லாம் கதையே புரியல" என்று எழுதும்போது எனக்கு ஏறிவிடும். அவளுக்குப் புரிந்த அளவு அவர்களுக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் நான் மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்பதற்கு கேம் எனக்குச் சரியான காரணம் தரவில்லை என்பதுதான் என் குறை. நண்பர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கனவிலிருந்து முழித்துக்கொள்ளும் காட்சிக்குச் சில நிமிஷம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். செத்த அம்மாவிடம் விடைபெறுவதற்கு, ஒரு மாயக் கோட்டையில் சுவிட்சு திருப்பும் புதிருக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூடக் கிடையாது. வலியிலிருந்துதான் வளர்ச்சி என்று ஆளுக்கொரு வசனம் பேசுகிறார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுகிற பேச்சு அது. முன்பு நமக்கு எதிரியாக இருந்த துப்பறியும் பையன் அகேச்சி மட்டும்தான் உருப்படியாக மறுக்கிறான். மருகியின் உலகத்தில் மட்டுமே தான் உயிரோடு இருக்கக்கூடும் என்று தெரிந்த பிறகும், அடுத்தவன் போட்ட பிச்சையில் வாழ மாட்டேன் என்கிறான். கொலைகாரப் பயல், ஆனால் அந்த ராத்திரி அவன் பேச்சுக்கு எடை இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. எட்டு மாசமாக நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அடுத்தவர் மனசுக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்து, நமக்குச் சரி என்று பட்டபடி மாற்றினோம். கமோஷிதாவின் சம்மதத்தை யார் கேட்டது? மருகியும் அதையேதான் செய்கிறார், நம்மைவிடப் பெரிய அளவில், நம்மைவிட அன்பாக. "நீங்கள் செய்தால் நியாயம், நான் செய்தால் அநியாயமா" என்று அவர் மடக்கியிருந்தால் நம் பயல்கள் திருதிருவென்று முழித்திருப்பார்கள். கேம் அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு நைசாக நகர்ந்துவிடுகிறது.

எனக்குப் பதில் கிடைத்தது சுமிரேவிடம். இரட்டை வேஷம் போல வரும் அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் பெண். கதையில் முக்கால்வாசி அவளைக் கசுமி என்றே நினைத்துப் பழகுகிறோம். நிஜக் கசுமி அவளுடைய அக்கா. தங்கையைத் தள்ளிவிட்டுத் தான் காரில் அடிபட்டுச் செத்தவள். குற்ற உணர்ச்சி தாங்காத தங்கை அக்காவாகவே வாழட்டும் என்று மாற்றிவிட்டது மருகி. உண்மை தெரிந்த பிறகு அவள் அவிழ்த்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து நிற்கும்போது, இவளை நான் இதுவரை பார்த்ததே இல்லையே என்று உறைத்தது. கூடவே இன்னொன்றும். தங்கை அக்காவாகிவிட்டால், செத்துப்போன அக்காவுக்காக அழ இந்த உலகத்தில் ஆள் எங்கே? உயிர் கொடுத்து ஒருத்தி காப்பாற்றினாளே, அது நடந்ததாகவே இருக்காதே. கமோஷிதா மாறினான், ஆனால் தான் செய்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது, அதற்காகத்தான் அழுதான். மருகி கை வைப்பது அந்த ஞாபகத்தில். என் மறுப்பு அங்கேதான் இருக்கிறது, நண்பர்கள் பேசிய வசனத்தில் இல்லை.

சண்டை முடிந்து கோட்டை இடிந்து விழும் இடத்தில், சக்தி எல்லாம் போன பிறகு அவரும் நாயகனும் வெறுங்கையால் குத்திக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் சரியாகக் குத்தக்கூடத் தெரியாது. அந்த ஒரு காட்சிக்காகவே மொத்தக் குறையையும் மன்னிக்கலாம். கடைசியில் அவர் டாக்சி ஓட்டுகிறார், அதே தடுமாற்றப் பேச்சோடு.

சித்தி பெண்ணிடம் இந்தச் சுமிரே வாதத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரிதாண்ணே" என்றாள். அந்த முடிவின் சேவ் ஃபைலை மட்டும் அழிக்கவில்லை.

புதிதாக ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு: ராயலையே வாங்குங்கள், பழைய பதிப்பு வேண்டாம். ஒகுமுரா என்ற பர்கர் முதலாளி வரிசை வரிசையாக ரோபோ அனுப்புவான், நாலு தடவை தோற்றால் கவலைப்படாதீர்கள், எல்லோரும் தோற்றோம். மே மாதத்திலிருந்து அந்த மருத்துவ அறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருங்கள். தின்னக் கொடுப்பார், வாங்கிச் சாப்பிடுங்கள்.