இன்ஜின் அந்த மூவைக் கண்டுபிடித்துவிட்டதா?

செஸ் ஆடும் கணினி நிரல்களான இன்ஜின்களைச் சோதிக்கிறவர்கள் தவறாமல் வைக்கிற பரீட்சை ஒன்று உண்டு: கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் பிஷப்பை எச்3 கட்டத்தில் வைத்த மூவ். அந்த மூவைக் காட்டிவிட்டால் உடனே ஒரு மார்க். இப்படி மார்க் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1998, ஸ்பெயினின் லினாரெஸ் போட்டி. டோபலோவுக்கு எதிராகக் கறுப்பில் ஷிரோவ். அவரிடம் இரண்டு சிப்பாய் கூடுதல். ஆனால் ஆளுக்கொரு பிஷப், அதுவும் வேறு வேறு நிறக் கட்டத்தில். இப்படிப்பட்ட முடிவாட்டம் பெரும்பாலும் டிராதான். 47-வது மூவில், எஃப்5-ல் இருந்த பிஷப்பை ஜி2 சிப்பாய் வெட்டும்படியாக எச்3-ல் கொண்டுபோய் வைத்தார். வெள்ளை ராஜா வந்து அடைப்பதற்குள் அவருடைய ராஜா இ4-க்குப் போயாக வேண்டும். பிஷப்பை இ4-ல் வைத்தாலும் ஜி2-வைத் தாக்கலாம், ஆனால் சொந்த ராஜாவுக்கே குறுக்கே நிற்கும். எச்3-ல் வைத்தால் தாக்கினாற்போலவும் ஆச்சு, வழி விட்டாற்போலவும் ஆச்சு. டோபலோவ் வெட்டினார். ராஜா எஃப்5, அடுத்து இ4. எஃப்6 சிப்பாயையும் கொடுத்துவிட்டு டி சிப்பாயைத் தள்ளினார். 53-வது மூவோடு ஆட்டம் முடிந்தது.

போன மாதம் என் லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் சில நொடிகளில் எச்3 என்றது. சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: ஆட்டத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்னோக்கி வந்து அந்த நிலையில் நிறுத்தியிருந்தேன். முன்னால் கணக்கிட்டதெல்லாம் அதன் நினைவகத்தில் அப்படியே கிடந்தது. நினைவகத்தை அழித்துவிட்டு மறுபடி கேட்டால் வேறு மூவைத்தான் முதலில் காட்டியது. விடையைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரே தடவை ஓட்டியதையும் நம்பக்கூடாது. ப்ராசஸரின் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒவ்வொரு முறையும் ஆகிற நேரம் மாறும்.

யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின் காட்டும் எண்ணும் சாட்சி ஆகாது. இரண்டு சிப்பாய் கூட இருந்தாலே இன்ஜின் கறுப்புக்குச் சாதகமான எண்ணைக் காட்டும், நிலை டிராவாக இருந்தாலும் காட்டும். ஏழு காய்க்குள் என்றால் எல்லா நிலைகளின் முடிவையும் முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் சிசிஜி அட்டவணை தீர்ப்புச் சொல்லிவிடும். இங்கே இருப்பது பத்து காய்.

அதனால் நான் மூவைப் பார்ப்பதில்லை, அதற்குப் பின்னால் வரும் வரிசையைப் பார்க்கிறேன். வெட்டிய பிறகு ராஜாவை இ4-க்குக் கொண்டுபோகிறதா? கூடுதல் நேரம் கொடுத்தாலும் அதே மூவில் நிற்கிறதா? முக்கியமாக, வெள்ளை வெட்டாமல் ராஜாவை எஃப்2-க்கு நகர்த்தினால்? கறுப்பு ராஜா எஃப்5. வெள்ளை ராஜா எஃப்3 வந்தால், பிஷப் ஜி2-வை வெட்டிச் செக் வைத்து அங்கேயே உயிரை விட வேண்டும். அந்த இரண்டாவது பலியையும் இன்ஜின் தானாகக் காட்டட்டும், மார்க் போடுகிறேன்.